தண்ணீர் நாள் குளிர்

ஜூலை 18

இந்த டைரியை மருந்துக் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்தார். ஆறு மாதமாக என் மனைவி வேதா இதன்மேல் காபி தம்ளர் வைத்துக்கொண்டிருந்தாள். அட்டை முழுக்க வட்டம் வட்டமாகக் கறை. இன்று துடைத்து எடுத்துக்கொண்டேன். யுத்தம் என்று வந்துவிட்டால் யாராவது ஒருவர் குறித்துவைக்க வேண்டும்.

காலையில் வேலூரிலிருந்து போன். சம்பந்தியம்மா மனோரஞ்சிதம். மிலிட்டரிக்காரர் மனைவி. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மிலிட்டரி மட்டும் அம்மாளிடம் தங்கிவிட்டது.

"அண்ணே, உங்க தெருவுல ரெண்டு பேருக்கு மலேரியாவாமே?"

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் வேதா நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க தெரு இல்லீங்க, பக்கத்துத் தெரு."

"கொசு தெருப்பேரைப் படிச்சுட்டா வரும்?"

விஷயம் இதுதான். எங்கள் ஒரே பெண் சாருலதாவுக்குத் தலைப்பிரசவம். ஆடி முடிந்து ஆவணியில் வேலூரில் வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். தாய்வீடு என்றால் பழைய வண்ணாரப்பேட்டையில் இந்த வீடு. அம்மாள் தீர்ப்பாகச் சொல்லிவிட்டார்: "ஆகஸ்ட்ல நானே நேர்ல வந்து பாப்பேன். கொசுவோ காய்ச்சலோ இருக்கிற வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டேன். பிரசவம் இங்கயே நடக்கும்."

வேதா அடுப்பங்கரையில் போய் மூக்கை உறிஞ்சினாள். "ஊர்ல எல்லாரும் பொண்ணைக் கூட்டிக்கினு வராங்க. நமக்கு மட்டும் குடுத்துவெக்கல."

சாரு எங்கே பிள்ளை பெற்றாலும் எனக்கு ஒன்றுதான். வேலூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? வேதாவுக்காகத்தான் இந்த யுத்தத்தில் இறங்குகிறேன். முப்பத்திரண்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன் நான். கக்கூஸுக்குள் ஒளிந்தவனையும், சீட்டுக்கு அடியில் பெட்டியோடு பெட்டியாகப் படுத்தவனையும் பிடித்திருக்கிறேன். கொசு எம்மாத்திரம்?

இதை எழுதிவிட்டு மாடிக்குப் போய் ஜன்னல் வலைக்கு அளவெடுத்தேன். சாருவின் அறை.

ஜூலை 20

சாக்கடைமேல் இரண்டு நாள் தாக்குதல். மெக்கானிக் கடையிலிருந்து பழைய ஆயில் வாங்கி வீட்டு ஓரமெல்லாம் ஊற்றினேன். வேப்பிலைப் புகை போட்டேன். எதிர் வீட்டில் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாமா என்று யோசித்ததாகக் கேள்வி.

"கொசு போவுதோ இல்லையோ, நாம ரெண்டு பேரும் போயிடுவோம்" என்று வேதா இருமினாள்.

சாயங்காலம் எதிரியின் பலத்தை அறிய ஒரு யோசனை. கிணற்றடியில் நாற்காலி போட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, கொசு பேட்டோடு உட்கார்ந்தேன். வந்து உட்காரவிட்டு அடிக்க வேண்டும். செக்கிங்கிலும் அதுதான் முறை. பிளாட்பாரத்தில் நிற்பவனைப் பிடிக்க முடியாது, ஏறவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

"இன்னாங்க இது, கொசுவுக்கு விருந்தா?"

"உளவு வேலை. உனக்குப் புரியாது, போ."

பட் பட்டென்று நல்ல வேட்டை. ஓரிருவர் கடித்துவிட்டுத் தப்பினார்கள். தப்பியவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள்?

ஜூலை 23

கொசு ஒழிப்புக்கு வரும் கோமளா இன்று வந்தார். கையில் டார்ச், தோளில் பை. நேராக உள்ளே வந்து எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறார். அவரும் செக்கிங் டிபார்ட்மெண்ட்தான் என்பதால் மரியாதையாக ஒதுங்கி நின்றேன். சாக்கடையில் நான் செய்த சேவையைக் காட்டினேன்.

"அதெல்லாம் சரி சார். மலேரியா கொசு சாக்கடைல முட்டை போடாது. அதுக்கு நல்ல தண்ணி வேணும்."

கொசுவில் ஜாதி உண்டு, ருசி உண்டு என்பது எனக்குப் புதிது. என் ஆயில் அத்தனையும் வீண். கோமளா கொல்லைப்புறத்தில் வேதாவின் பச்சை டிரம்மைத் திறந்து டார்ச் அடித்தார். பளிங்கு மாதிரி தண்ணீர். அதன் மேல்மட்டத்தில் படுத்தபடி கமா கமாவாகப் புழுக்கள்.

வேதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வண்ணாரப்பேட்டையில் ஒரு பெண்ணிடம் அவள் பிடித்துவைத்த தண்ணீரில் புழு என்று சொல்வதைவிட அவள் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லிவிடலாம்.

"வாரத்துக்கு ஒரு நாள் எல்லாத்தையும் காலி பண்ணி, உள்பக்கம் நல்லா தேய்ச்சு, காயவெக்கணும்மா. முட்டை ஒட்டிக்கினு இருக்கும். மூடியும் டைட்டா போடணும்" என்றார் கோமளா. போகும்போது வாசலில் நின்று, "வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல்?" என்று கேட்டார்.

"சேச்சே" என்றேன்.

ஜூலை 24

டிரம் காலி செய்யும் போராட்டம். எங்கள் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில்தான் தண்ணீர் வரும். அந்த நாளுக்கு இங்கே தண்ணீர் நாள் என்றே பெயர். அன்று யாரும் ஊருக்குப் போக மாட்டார்கள், பெண் பார்க்க வர மாட்டார்கள், சண்டைகூடத் தண்ணீர் பிடித்த பிறகுதான். அப்படிப் பிடித்த தண்ணீரைக் கீழே கொட்டு என்றால் வேதா கேட்பாளா? கடைசியில் ஒரு சமரசம். அவள் அந்தத் தண்ணீரில் வீட்டைக் கழுவினாள், வாசலைக் கழுவினாள், என் சைக்கிளைக் கழுவினாள், எதிர் வீட்டு நாயையும் கழுவினாள். ஒரு சொட்டு வீணாகவில்லை.

டிரம்முக்குள் தலையை விட்டுத் தேய்த்தது நான். இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஜூலை 28

கோமளா கிணற்றில் மீன் விட்டார். விரல் நீளம்கூட இல்லாத சின்ன மீன்கள், கொசுப்புழுவைத் தின்னுமாம். மொட்டைமாடித் தொட்டியின் மூடியில் இருந்த ஓட்டையை நான் அடைத்துவிட்டேன். வழிந்தோடும் குழாயின் வாயில் துணி கட்டிவிட்டேன்.

சாயங்காலம் கிணற்றடியில் வேதா குனிந்து நின்றாள். மடியில் பொரி.

"இன்னா பண்றே?"

"பாவம், பச்சப் புள்ளைங்க மாதிரி கீது. இன்னாத்த துன்னும்?"

"புழுவைத் துன்னத்தான் உட்டிருக்கு! நீ பொரி போட்டா அதுங்க புழுவை ஏறெடுத்துப் பாக்குமா?"

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். ஆடி வெள்ளிக்குப் படைத்த பொரி என்பதாலோ என்னவோ மீன்கள் பக்தியோடு தின்றுகொண்டிருந்தன. இன்றிலிருந்து பொரி டப்பா என் பீரோவில்.

ஆகஸ்ட் 1

தங்கசாலை போய்ச் சாருவின் கட்டிலுக்குக் கொசுவலை வாங்கிவந்தேன். ரோஜா நிறம். நீலம்தான் வாங்கச் சொன்னாள் வேதா. சாருவுக்கு ரோஜா பிடிக்கும், இது அவளைப் பெற்றவளுக்கே மறந்துவிட்டது.

சாரு போன் செய்தாள். பேசும்போதே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. "நைனா, என் ரூம்ல ஃபேன் இன்னும் கடகடன்னு சத்தம் போடுதா?"

"அதை மாத்தி ஒரு வாரம் ஆச்சு."

"நான் வருவேனோ மாட்டேனோ, அதுக்குள்ள ஏன் நைனா செலவு?"

"உன்னைக் கேட்டனா? பழைய ஃபேன் எனக்கே புடிக்கல."

அவள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. நான் கறுப்புக் கோட்டோடு வாசலை அடைத்துக்கொண்டு, "டிக்கெட்?" என்பேன். உள்ளங்கையை நீட்டுவாள். விரலால் மெல்லக் கிள்ளி ஓட்டை போட்டு உள்ளே விடுவேன். ஒரு நாள் தெருவில் கிடந்த பூனைக்குட்டியைப் பாவாடையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இவருக்கு டிக்கெட் எங்கே?" என்று கேட்டேன். "அஞ்சு வயசு ஆவல நைனா. ஃப்ரீ" என்றாள். ரயில்வே விதி அது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பூனை எட்டு வருஷம் எங்கள் வீட்டில் டிக்கெட் இல்லாமல் பால் குடித்தது.

ஆகஸ்ட் 4

தண்ணீர் நாள். அடிபம்பு அடித்ததில் வேட்டி முழுக்க நனைந்துவிட்டது. மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே பேப்பர் படித்தேன். மத்தியானம் மூன்று மணி வாக்கில் குளிர். சென்னையில், ஆகஸ்டில், மூன்று மணிக்குக் குளிர்! பல் தந்தியடித்தது. கம்பளியைத் தேடினால் அதில் வேதா வடாம் காயப்போட்டிருந்தாள். அப்புறம் உடம்பு கொதித்தது, அப்புறம் வியர்த்து ஊற்றியது, அப்புறம் ஒன்றுமே இல்லை. ராத்திரி இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஈர வேட்டி. வேறென்ன?

ஆகஸ்ட் 5

உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. ஏணி போட்டு ஜன்னல் வலைகளை ஆணியடித்தேன்.

ஆகஸ்ட் 6

தண்ணீர் நாள். வேட்டியை உடனே மாற்றினேன். ஆனாலும் மூன்று மணிக்கு அதே குளிர். நனைவது காரணமில்லை போலும், பம்பு அடிக்கிற உழைப்பு. வயது அறுபத்துமூன்று. இதற்குத் தண்ணீர் நாள் குளிர் என்று பெயர் வைத்துவிட்டேன். பெயர் வைத்துவிட்டால் பாதி வியாதி போன மாதிரி.

ஆகஸ்ட் 8

மறுபடியும். வேதா மிளகுக் கஷாயம் கொண்டுவந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். வியர்வையில் நனைந்த தலையணையை எடுத்துவிட்டு வேறு வைத்தாள்.

"ஏங்க, ஒரு ரத்தம் டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாமே."

"எதுக்கு? பம்பு அடிச்சா உடம்பு வலிக்காதா? ரத்தம் கித்தம்னு நீ ஆரம்பிச்சா அது வேலூர் வரைக்கும் போவும். உன் வாய்தான் தெரியுமே!"

கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன். அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாயங்காலம் சம்பந்தியம்மா போன் செய்து எந்த நாளில் வரலாம் என்று கேட்டார். பதின்மூன்று என்றேன். அன்று தண்ணீர் வராது, வீடு காய்ந்து சுத்தமாக இருக்கும். வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9

கோமளா வந்தார். டிரம், தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, எல்லாம் பார்த்தார். ஒரு புழுவும் இல்லை. "சூப்பர் சார். இந்தத் தெருவுலயே உங்க வீடுதான் ஃபர்ஸ்ட்." முப்பத்திரண்டு வருஷத்தில் ரயில்வே எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல்?"

இன்று எனக்குக் காய்ச்சல் இல்லை. அதனால் இல்லை என்று சொன்னது உண்மைதான்.

வேதா கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கியது அவளுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 10

ரெயின்கோட் போட்டுக்கொண்டு, பம்பை எதிர் வீட்டுப் பையனை அடிக்கச் சொல்லிவிட்டு, நான் தள்ளி நின்று மேற்பார்வை மட்டும் பார்த்தேன். நனையவுமில்லை, உழைக்கவுமில்லை.

மூன்று மணிக்கு வந்தது. தண்ணீரைப் பார்த்தாலே ஆகவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 12

தெருமுனையில் குழாய் உடைந்து இன்று தண்ணீர் வரவில்லை. குளிர் வந்தது.

ஆகஸ்ட் 13

குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். நேற்று வரவேண்டிய தண்ணீர் இன்று வந்தது. இனி தண்ணீர் நாள் ஒரு நாள் தள்ளிப்போகும் என்று தெருவில் அறிவிப்பு. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நேற்று ராத்திரியே வேதா வேலூருக்குப் போன் செய்து, "நாளைக்குத் தண்ணி நாளா மாறிடுச்சு அண்ணி, வாசல் பூரா குடமா இருக்கும். பதினாலாந் தேதி வாங்க" என்று தேதியை மாற்றியிருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பதினாலு வேணாம்" என்றேன் காலையில்.

"ஏன்?"

"அஷ்டமி."

காலண்டரைக் கொண்டுவந்து மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அஷ்டமியும் இல்லை, நவமியும் இல்லை.

"அப்ப பதினஞ்சு வரச் சொல்லு."

"சுதந்திர தினம். பஸ்ஸுல கூட்டமா இருக்கும், வயசானவங்க. பதினாலுக்கு இன்னா கொற? தண்ணி வராத நாள். தண்ணி வராத நாள்னா உங்களுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கும்? நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். கிணற்றடிக்குப் போய் மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பீரோவைத் திறந்து அதுகளுக்கு ஒரு பிடி பொரி போட்டேன்.

ஆகஸ்ட் 15

ரோஜா நிறக் கொசுவலைக்குள்ளிருந்து எழுதுகிறேன். தெருவில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கு வந்ததை வலைக்கு அடியில் கையை விட்டு வாங்கிக்கொண்டேன்.

நேற்று நடந்ததை நேராக எழுதிவிடுகிறேன்.

சம்பந்தியம்மா பதினொரு மணிக்கு வந்து இறங்கினார். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு கட்டைப்பை, ஒரு டார்ச்! கோமளாவே தேவலை என்று ஆகிவிட்டது. டிரம் மூடிகளைத் தட்டிப் பார்த்தார். மொட்டைமாடிவரை ஏறித் தொட்டியைப் பார்த்தார். சாருவின் அறையில் வலையை இழுத்துப் பார்த்தார், ஃபேனைச் சுழலவிட்டுப் பார்த்தார். கீழே வந்து, "குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல அண்ணே. நல்லாத்தான் வெச்சிருக்கீங்க" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சாப்பாடு முடியும்போது மணி ஒன்றரை. இரண்டு மணி பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டால் ஜெயித்துவிட்டேன்.

"அதுக்குள்ள இன்னா அண்ணி அவசரம்? வெயில் தாழப் போலாம். காபி குடிச்சுட்டுப் போலாம்" என்றாள் வேதா.

அந்தக் காபியை அவள் போட்ட நிதானத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கொட்டையை வறுத்து, அரைத்து, டிகாக்‌ஷன் இறங்கி, மூன்று மணிக்குக் காபி வந்தது. கூடவே அதுவும் வந்தது. டபராவில் தம்ளர் கிடுகிடுவென்று ஆடியது. இரண்டு கையாலும் பிடித்தேன், சத்தம் இன்னும் கூடியது.

"பக்கத்துல ரயில் போவுது" என்றேன். "அதான் அதிருது."

"ரயில் உங்க கையிலயா அண்ணே போவுது?"

எழுந்து வந்து புறங்கையை என் நெற்றியில் வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. "ஒரு நாள் விட்டு ஒரு நாளா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன், அடுப்பங்கரை வாசலிலிருந்து வேதா, "ஆமா அண்ணி" என்றாள். "நாலாந் தேதிலேர்ந்து."

எனக்குக் குளிரிலும் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாள் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் எதிரில் உட்கார்ந்தார்.

"அவரு அஸ்ஸாம்ல இருந்தப்ப எனக்கு இது வந்துச்சு அண்ணே. இதே குளிரு, இதே மாதிரி ஒரு நாள் விட்டு ஒரு நாள். குவார்ட்டர்ஸ்ல யாருக்கும் சொல்லல. சொன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். அப்ப எனக்கு ஆறு மாசம். பிரதீப்புக்கு முன்னால ஒண்ணு. தங்கல."

பிரதீப் எங்கள் மாப்பிள்ளை. அவருக்கு முன்னால் ஒன்று இருந்தது எங்களுக்குத் தெரியாது. நான் இந்த டைரியில் அம்மாளைப் பற்றி எழுதியிருக்கும் கேலியையெல்லாம் நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

ஆட்டோ வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். மலேரியா என்று சாயங்காலமே சொல்லிவிட்டார்கள். ஒரு மாத்திரை மூன்று நாளைக்கு, இன்னொன்று பதினாலு நாளைக்கு. நடுவில் நிறுத்தினால் கல்லீரலுக்குள் ஒளிந்திருந்து மறுபடி வருமாம். அந்த இரண்டாவது மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க முடியாது என்றும் டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே உறைத்தது. எந்த வீட்டுக்கு என் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்!

திரும்பி வந்ததும் சம்பந்தியம்மா மாடியிலிருந்து ரோஜா வலையைக் கொண்டுவந்து என் கட்டிலில் கட்டினார். "சாருவுக்கு வாங்கினது" என்றேன். "இப்ப உங்களைக் கடிக்கிற கொசுதான் அடுத்த ஆளுக்கு எடுத்துக்கினு போவும். உங்களைக் காப்பாத்த இல்ல அண்ணே, உங்ககிட்டேர்ந்து ஊரைக் காப்பாத்த."

வலைக்குள் படுத்து யோசித்தேன். கிணற்றடியில் சட்டையில்லாமல் உட்கார்ந்த அன்று தப்பிய ஓரிருவர் எங்கே போய்விடப் போகிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஊர் முழுக்கச் செக்கிங் செய்தேன். டிக்கெட் இல்லாதவன் என் ரத்தத்தில் ஏறி உட்கார்ந்து, சீசன் பாஸ் வைத்திருப்பவன் மாதிரி நேரம் தவறாமல் போய்வந்துகொண்டிருந்திருக்கிறான்.

கிளம்பும்போது அம்மாள் சொன்னார்: "அனுப்பறேன்னும் சொல்லல, அனுப்ப மாட்டேன்னும் சொல்லல. மாத்திரையை முழுசா முழுங்குங்க. ரத்தம் சுத்தம்னு சீட்டு காட்டுங்க. சீட்டு இருந்தா பொண்ணு வருவா."

ஆகஸ்ட் 16

மூன்று மணிக்குக் கம்பளியோடு காத்திருந்தேன். வரவில்லை. நாலு மணிவரை காத்திருந்தேன், வரவே இல்லை. வேதா கம்பளியை எடுத்துப்போய் மறுபடி வடாம் காயப்போட்டாள்.

ராத்திரி சாரு வீடியோ காலில் வந்தாள். மாமியார் உத்தரவாம், தினமும் அவள் பார்க்க நான் மாத்திரை விழுங்க வேண்டும்.

"நாக்கை நீட்டு நைனா. மேல தூக்கு. கன்னத்துல ஒதுக்கிவெச்சிருக்கியா?"

"உன் நைனாவைத் திருடன்னு நினைச்சியா?"

"திருடன்தான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. "எனக்காகன்னு சொல்லி இப்படிப் பண்ணா நான் எப்படி நைனா அங்க வந்து நிம்மதியா இருப்பேன்?"

இன்னொரு முறை நாக்கை நீட்டிக் காட்டினேன்.

ஆகஸ்ட் 19

கோமளா வந்தார். தெருவில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. வேதாவுக்கு ஒன்றுமில்லை, எதிர் வீட்டிலும் ஒன்றுமில்லை. கேட்டபோது மனசு லேசானது.

"அன்னிக்குக் கேட்டனே சார்?"

"அன்னிக்கு இல்லம்மா. அதுக்கு முந்தின நாளும் மறுநாளும்தான் இருந்துச்சு."

ஒரு கணம் முறைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்பவர்களைப் பார்த்து நானும் இப்படித்தான் சிரித்திருக்கிறேன். சிரித்துவிட்டு அபராதம் போடுவேன். அவர் காபியோடு விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 22

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. சாப்பிட்ட பிறகு போட்டால் பரவாயில்லை.

வேதாவிடம் கேட்டேன். "தேதியை நீ மாத்தினது தண்ணிக்காகத்தானா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வேற எதுக்கு?"

"காபிக்கொட்டையை வறுத்து அரைச்சது?"

"தூள் தீந்துபோச்சு."

தூள் டப்பா நிறைய இருந்ததை நான் பார்த்தேன். என்னிடம் சொன்னால் கத்துவேன், வேலூருக்குச் சொன்னால் பெண் வராமல் போய்விடுவாள். பாவம், எத்தனை ராத்திரி தூங்காமல் யோசித்தாளோ. வாய் தவறி உளறுபவள் என்று அவளை முப்பது வருஷமாகக் கேலி செய்துவந்திருக்கிறேன். இந்த முறை வாயே திறக்காமல் சொல்லிவிட்டாள்.

கீரையில் பாதியை நான் ஆய்ந்து கொடுத்தேன்.

ஆகஸ்ட் 27

கடைசி மாத்திரை. சாருவுக்கு நாக்கைக் காட்டினேன். கைதட்டினாள்.

ஆகஸ்ட் 28

ரத்தம் கொடுத்தேன். சீட்டு நாளைக்கு. நாளை மறுநாள் வளைகாப்பு. வேதா ஐந்துவகைச் சோற்றுக்குப் புளியைக் கரைத்துவிட்டாள், சீட்டு வந்த பிறகு கரைக்கக் கூடாதா? நான் மாடிக்கும் கீழுக்குமாக நடந்தேன். சாரு எங்கே பிள்ளை பெற்றாலும் எனக்கு ஒன்றுதான் என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். யார் எழுதியது அதை?

ஆகஸ்ட் 29

சுத்தம்! சீட்டைச் சட்டைப்பையில் வைத்தேன். கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டேன். வலையைத் துவைத்துக் காயவைத்து, மாடியில் அவள் கட்டிலில் கட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 31

நேற்று எழுத நேரமில்லை.

வளைகாப்பில் இரண்டு முழங்கை வரைக்கும் வளையல். சம்பந்தியம்மாவிடம் சீட்டை நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்து, மடித்து, என் பையிலேயே திரும்ப வைத்தார். "கூட்டிக்கினு போங்க அண்ணே. வலைக்குள்ளதான் படுக்கணும், சொல்லிட்டேன்." கார் கிளம்பும்போது என் கையில் அவருடைய டார்ச்சைத் திணித்தார். "கட்டிலுக்கு அடியில அடிச்சுப் பாருங்க. அங்கதான் ஒளியும்." கார் நகரும்வரை என் கையை விடவில்லை.

வண்ணாரப்பேட்டை வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். நான் முதலில் இறங்கி ஓடி, மாடி ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறதா என்று பார்த்து, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துவிட்டு, மூச்சிரைக்க வாசலுக்கு வந்தேன். வேதா ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தாள். சாரு படியில் நின்றாள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு, வளையல் குலுங்க, பெரிய வயிற்றோடு.

கோட் இல்லை என்றாலும் பழக்கம் போகுமா? நிலைவாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். "டிக்கெட்?"

அவள் நகரவில்லை. கையை நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க. ஆனால் கிள்ளுவதற்கு அல்ல.

"மொதல்ல உன்னுது நைனா."

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். விளக்கு வெளிச்சத்தில் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். தேதி பார்த்தாள், பெயர் பார்த்தாள். தணிகாசலம், வயது அறுபத்துமூன்று. அப்புறம் என் உள்ளங்கையைப் பிடித்து நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். வலித்தது. நன்றாகவே வலிக்கட்டும்.

"செல்லும். வழி விடு."

விட்டேன். வேதா ஆரத்தி சுற்றினாள். சாரு வலதுகாலை எடுத்துவைத்து உள்ளே வந்தாள். கூட வந்த இன்னொருவரிடம் நான் டிக்கெட் கேட்கவில்லை. அவருக்கு இன்னும் ஐந்து வயது ஆகவில்லை.